பிரேக்கில் ஊற்றிய எண்ணெய்

மகனுக்கு,

நீ நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் உன்னைப் பார்த்தேன். என்னிடம் அவ்வளவு சத்தம் போட்டுப் பேசத் தெம்பு இருந்தது என்றால் நலமாகத்தான் இருக்கிறாய். எனக்குத்தான் அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. வில்லியனூரில் உன் வீட்டிலிருந்து இங்கே பாகூர் வரைக்கும் உன் காரில் என்னைக் கொண்டுவந்து விட்டாயே, அந்த வழி முழுக்க நீ பிரேக்கை மிதித்தபோதெல்லாம் நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு காலால் தரையை மிதித்துக்கொண்டே வந்தேன். நீ கவனித்திருக்க மாட்டாய். உன் கவனமெல்லாம் டேப் ரிக்கார்டரில் கேசட்டைத் திருப்பிப் போடுவதில் இருந்தது.

உன் வண்டியைப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாது. தினம் கழுவித் துடைக்கிறாய். சீட்டுக்கு வெல்வெட் உறை, ஸ்டீயரிங்குக்கு ஒரு சட்டை, முன் கண்ணாடிக்குக் கீழே பிளாஸ்டிக் ரோஜா. ஆயுத பூஜைக்கு நீ வைத்த சந்தனப் பொட்டு இன்னும் பானட்டில் இருக்கிறது. ஆனால் பிரேக்கை ஒரு தடவை மிதித்தால் சும்மா உள்ளே போகிறது, இரண்டாவது மிதிக்குத்தான் பிடிக்கிறது. பிடிக்கும்போது வண்டி இடது பக்கமாக இழுக்கிறது. நீ அதற்குப் பழகிவிட்டாய். பழகிவிட்டதால் அது கோளாறு என்றே உனக்குத் தோன்றவில்லை. கடைசியாக எப்போது சர்வீசுக்கு விட்டாய் என்று கேட்டேன். நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா?

"இன்னாப்பா நீ, வாங்கினதுல இருந்து ஒரு நாளாச்சும் வழில நின்னுக்குதா? ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கச் சொல்ற?"

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். கிழவனை அடக்கிவிட்டோம் என்று நீ நினைத்திருப்பாய். அது இல்லை. 'ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கச் சொல்ற' என்பது என் வார்த்தை. ஒரு எழுத்து மாறாமல் பதினாறு வருஷத்துக்கு முன்னால் நான் ஒருவனிடம் சொன்னது. அதை உன் வாயால் கேட்டதும் திரும்பிப் பின்னால் பார்த்தேன். பின் சீட்டில் என் மருமகள், ஏழு மாதப் பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டு, நீ பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு வளைகாப்பு. அது முடிந்ததும் அவளைக் கடலூரில் அவள் அம்மா வீட்டுக்கு நீயே ஓட்டிக்கொண்டு போய் விடப் போகிறாயாம். இந்த வண்டியில். அதுதான் எழுதுகிறேன். நேரில் சொல்ல முயன்றால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய், அல்லது எனக்குத் தைரியம் போய்விடும். இரண்டில் ஒன்று நடக்கும்.

என் பழைய அம்பாசடர் உனக்கு ஞாபகம் இருக்கும். அது வந்தபோது நம் ஊரில் அது ஒன்றுதான் கார். கரும்பு நன்றாக விளைந்த ஒரு வருஷம், யாரையும் கேட்காமல் வாங்கினேன். வாங்கிய பிறகு அது என் வண்டியாக இருந்ததை விட ஊர் வண்டியாக இருந்த நாள்தான் அதிகம். தை பிறந்தால் போதும், மாப்பிள்ளை அழைப்புக்கு வண்டி வேண்டும் என்று ஆள் மேல் ஆள் வரும். நாதஸ்வரம் முன்னால் போக, அந்த வண்டி முதல் கியரில் ஊர்ந்து ஊர்ந்து, தெருவுக்குத் தெரு ஆரத்திக்கு நின்று, கோயிலைச் சுற்றி வருவதற்குள் இன்ஜின் கொதித்து மூடியைத் தூக்கிக்கொண்டு ஆவி வரும். கிளட்ச் கருகுகிற வாசனை மாப்பிள்ளை போட்ட சென்ட் வாசனையையே அமுக்கிவிடும். எனக்கு அதெல்லாம் பெருமையாக இருந்தது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கூடவே நடப்பேன்.

அதை ஓட்டியவன் தனகோட்டி. உனக்கு அவனை ஒரே விதமாகத்தான் தெரியும். நான் தெரிய வைத்த விதம் அது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில் அவன் எப்படிப்பட்ட டிரைவர் என்று கேள். காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் குனிந்து கீழே எண்ணெய் ஒழுகியிருக்கிறதா என்று பார்ப்பான். நாலு டயரையும் கையால் தட்டிப் பார்ப்பான். ஓட்டும்போது ஏதாவது புதுச் சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுப்பான். மாதத்துக்கு ஒரு தடவையாவது என்னிடம் வந்து நிற்பான். "ஐயா, டவுனுக்கு எட்த்துனு போயி ஒர்க்‌ஷாப்ல வுட்டுட்டு வரலாங்க. மூணே நாளு. சக்கரத்த கழட்டி உள்ள பாக்கணுங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாதது அவுங்களுக்குத் தெரியும்." நான் ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் சொல்வேன். கரும்பு வெட்டு நடக்கிறது, கல்யாணத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன், மழைக்காலம் முடியட்டும். கடைசியில் ஒரு நாள், 'ஓடுற வண்டிய எதுக்குப் பிரிக்கச் சொல்ற' என்று எரிந்து விழுந்தேன். உண்மைக் காரணம் எது தெரியுமா? மூன்று நாள் வண்டி இல்லாமல் நான் பஸ்ஸில் போக வேண்டும். கார்க்காரர் பஸ்ஸுக்கு நிற்கிறாரே என்று யாராவது கேட்டுவிடுவார்கள். அந்த வெட்கம்தான். வேறு ஒன்றும் இல்லை.

அதே வருஷம் பொங்கலுக்கு நான் செய்த கூத்தைக் கேள். மாட்டுப் பொங்கல் அன்று மாடுகளைக் குளிப்பாட்ட ஏரிக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். "வண்டியும்தான் வருஷம் பூரா ஒழைக்குது, அத்த மட்டும் எதுக்கு வுடறது, ஏரியில எறக்குடா" என்று தனகோட்டியிடம் சொன்னேன். அவன் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னான், "ஐயா, மாடு தண்ணியில நிக்கும், வண்டி நிக்கக் கூடாதுங்க, சக்கரத்துல கீற கிரீசு பூடும்" என்று. ஊர் வேடிக்கை பார்க்கிறது, நான் கேட்பேனா? சக்கரம் முழுகும் வரை இறக்கினோம். வைக்கோல் பிரியால் தேய்த்தோம். கரையேற்றி மாலை போட்டு, மாட்டுக்குக் காட்டிய அதே கற்பூரத்தை வண்டிக்கும் காட்டினோம். பொங்கலோ பொங்கல் என்று எல்லோரும் கத்தினார்கள். தனகோட்டி மட்டும் கத்தவில்லை. அவன் பானட்டைத் திறந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தான்.

பிரேக் ஆயில் குறைந்திருக்கிறது என்றான். எங்கேயோ கசிகிறது, டவுனில் வாங்கி வந்து ஊற்றி, கசிவைப் பார்த்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்றான். மறுநாள் காணும் பொங்கல். நீ முந்தின வாரமே அரியாங்குப்பத்தில் உன் மாமா வீட்டுக்குப் போயிருந்தாய். உன்னை அழைத்துவர நானும் உன் அம்மாவும் காலையில் கிளம்ப வேண்டும். கடை ஒன்றும் திறந்திருக்காது. நான் என்ன செய்தேன் தெரியுமா? பம்பு செட்டுக் கொட்டகைக்குப் போய், ஆயில் இன்ஜினுக்கு ஊற்றுகிற எண்ணெய் டின்னை எடுத்து வந்து, என் கையால், இந்தக் கையால்தான், பிரேக் ஆயில் டப்பாவில் ஊற்றினேன். தனகோட்டி என் கையைப் பிடிக்கவே வந்தான். "ஐயா, அது வேற இது வேறங்க!" என்றான். "போடா, இன்ஜினுக்கே ஒத்துக்குது, பிரேக்குக்கு ஒத்துக்காதா?" என்றேன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நிலத்தில் எந்த மெஷின் நின்றாலும் கம்பியும் எண்ணெயும் வைத்து ஓட்டிவிடுகிறவன் நான் என்று எனக்கு ஒரு நினைப்பு. பம்பு செட் நின்றுபோனால் தண்ணீர்தான் வராது, கார் நிற்காமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்கிற புத்தி இல்லை.

காலையில் கிளம்பினோம். நான் முன்னால், உன் அம்மா பின்னால். பாகூரைத் தாண்டும் வரை வண்டி சாதாரணமாகத்தான் போயிற்று. கிருமாம்பாக்கத்தில் மெயின் ரோட்டுக்கு ஏறும் இடத்தில் தனகோட்டி பிரேக்கை மிதித்தான். மறுபடி மிதித்தான். "ஐயா, பிரேக்கு புடிக்கல!" என்று கத்தினான். எதிரே பஸ்ஸுக்கு நின்றிருந்த கூட்டம், புதுத்துணி போட்ட குழந்தைகள், கடலூரிலிருந்து வேகமாக வருகிற பஸ். ஒரு நொடிதான். அவன் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஓரத்துப் புளியமரத்தில் கொண்டுபோய் மோதினான். தன் பக்கம்தான் மோத விட்டான், என் பக்கம் இல்லை. அவன் நெற்றி கிழிந்தது. அவனுக்கு நேர் பின்னால் உட்கார்ந்திருந்த உன் அம்மாவின் முழங்கால் சீட்டுக்கும் கதவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. எனக்கு ஒரு கீறல் கூட இல்லை.

கூட்டம் ஓடி வந்தது. உன் அம்மா அலறுகிறாள். எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். எனக்குத் தெரிந்தவர்கள், என்னைக் கார்க்காரர் என்று கூப்பிடுகிறவர்கள். "இன்னா ஆச்சி?" என்று ஒருவர் கேட்டார். அப்போது நான் சொன்னேன்: "காலையிலயே போட்டுக்கினு வந்துட்டான் போலருக்கு." அவ்வளவுதான் சொன்னேன். ஒரே ஒரு வாக்கியம். காணும் பொங்கல் நாள், நம் ஊரில் அதைச் சொன்னால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? இரண்டு பேர் தனகோட்டியை இழுத்து அடித்தார்கள். அவன் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். தன் வாழ்நாளில் ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை அவன். அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும்.

ஆத்திரத்தில், பயத்தில் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொண்டால், அடுத்த வாரமே திருத்தியிருக்கலாம். வண்டியை டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். அங்கே தலைமை மேஸ்திரி என்னை ஓரமாகக் கூப்பிட்டு, பிரேக்கைப் பிரித்து எடுத்த ரப்பர்களைக் கையில் வைத்துக் காட்டினார். "முசே" என்று வெள்ளைக்காரன் காலத்துப் பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டு, "இத்த பாருங்க. எப்டி உப்பிக்கினு கீது பாருங்க. இன்னா ஆயில் ஊத்துனீங்க?" என்றார். நான் ரப்பரைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தேன். "இன்ஜின் ஆயில் பட்டா இந்த ரப்பர் ஊறிப் பூடும். அப்பறம் யாரு ஓட்டுனாலும் நிக்காது. பிரேக்கு ஷூவும் தேஞ்சிதான் கீது, இத்த கழட்டிப் பாத்தே பல வருசம் ஆயிருக்கும். மூணு மாசத்துக்கு ஒரு தபா எங்ககிட்ட வுட்டுருந்தா அன்னைக்கே புடிச்சிருப்போம்" என்றார். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இனிமேல்தான் உனக்குத் தெரிந்த கதை வருகிறது. உன் அம்மா காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். நெற்றியில் தையலோடு தனகோட்டி ஒரு சீப்பு வாழைப்பழம் வாங்கிக்கொண்டு அவளைப் பார்க்க வந்தான். உனக்குப் பத்து வயசு. வாசலை மறித்துக்கொண்டு, "குடிகாரா, எங்க வூட்டுக்குள்ள வராத, போடா வெளிய!" என்று கத்தினாய். அவன் வயசென்ன, உன் வயசென்ன. நான் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒர்க்‌ஷாப்பில் அந்த ரப்பரைப் பார்த்து மூன்று நாள் ஆகியிருந்தது. நான் எழுந்து உன் வாயைப் பொத்தியிருக்க வேண்டும். எழவில்லை. அவன் பழத்தைப் படியில் வைத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு இந்தப் பக்கத்தில் ஒருவரும் அவனை ஓட்டக் கூப்பிடவில்லை. கரும்பு லாரியில் லோடு ஏற்றப் போனான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வீராம்பட்டினத்தில் ஆடித் திருவிழாவில் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டு அவனாகவே வந்தான். "அம்மா காலு இப்ப எப்டி கீதுங்க?" என்று கேட்டான். இன்றைக்கும் அவள் படி ஏறும்போது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறாள் என்று சொல்ல முடியாமல், நல்லா இருக்கிறாள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அப்போதும் மன்னிப்புக் கேட்கவில்லை. என்ன மனுஷன் நான் என்று நீ கேட்கலாம். நானே கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

அந்த விபத்துக்குப் பிறகு நானே ஓட்டக் கற்றுக்கொண்டேன், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வண்டியைத் தவறாமல் அந்த ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். விட்டுவிட்டு பஸ்ஸில் வந்தேன். ஒருவரும் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உட்கார இடம்தான் கொடுத்தார்கள். ஒர்க்‌ஷாப்பில் வண்டியைத் தூக்கி நிறுத்தி நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் ஷூவைப் பார்த்து, ரப்பரைப் பார்த்து, பழைய ஆயிலை வடித்துப் புது ஆயில் விட்டு, கிரீஸ் அடித்து, என்ன பார்த்தோம், அடுத்து எதை மாற்ற வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதிக் கொடுப்பார்கள். ஒரு தடவை முன் சக்கரத்து பேரிங் உடைகிற நிலையில் இருந்ததைக் கண்டுபிடித்தார்கள். ஓட்டிய எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. ஒரு தடவை ஸ்டீயரிங்கில் ஒரு மூட்டு லொடலொடவென்று ஆடியது. மறுவாரம் குடும்பத்தோடு திருவண்ணாமலைக்குப் போக இருந்தோம், நீயும்தான். அன்றைக்கு அவர்கள் பார்க்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு என்னோடு சண்டை போட நீ இருந்திருப்பாயா என்று தெரியாது. கண் மங்கி நான் விற்கிறவரைக்கும் அந்த வண்டி ஒரு நாள் கூட வழியில் நிற்கவில்லை, நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமலும் போகவில்லை. 'வண்டியை எப்படி வைத்திருக்கிறார் பார்' என்று ஊரே என்னை மெச்சியது. எதனால் அப்படி மாறினேன் என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

நீ தினம் கழுவுவது சர்வீஸ் இல்லையடா. பெட்ரோல் பங்கில் ஒரு டப்பா ஆயில் வாங்கி ஊற்றுவதும் சர்வீஸ் இல்லை. கிருமாம்பாக்கத்தில் உன் உரக்கடைக்கு எதிரே சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர் நல்ல மனிதர்தான், அவர் ஸ்பேனரை வைத்து இரண்டு திருகு திருகிவிட்டு 'சரியாப் போச்சி' என்று சொல்வதும் சர்வீஸ் இல்லை. அதற்கென்று படித்தவன், அதே வேலையை நூறு வண்டியில் பார்த்தவன், வண்டியைப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். அதுவும் கெட்டுப்போன பிறகு இல்லை, நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே பார்க்க வேண்டும். எனக்கு இது புரிய உன் அம்மாவின் முழங்காலும் ஒரு மனிதனின் பிழைப்பும் வேண்டியிருந்தது. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கவே எனக்கு பயமாக இருக்கிறது.

ஒர்க்‌ஷாப்பில் பேசிவிட்டேன். புதன்கிழமை காலையில் கொண்டு போய் விடு, வெள்ளிக்கிழமை சாயந்திரம் தருவார்கள். நடுவில் கடைக்கு பஸ்ஸில் போ. கௌரவம் குறையாது, நான் போய்ப் பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அவர்கள் எழுதிக் கொடுக்கும் அட்டையை என்னிடம் காட்டினால்தான் வளைகாப்பன்று மருமகளை உன் வண்டியில் ஏற்ற விடுவேன். இந்தக் கடிதத்தை ஒளித்து வைக்காதே. அவளுக்குப் படித்துக் காட்டு. உரம் வாங்க வருகிற குடியானவர்களுக்கும் படித்துக் காட்டு, அவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு கிருமாம்பாக்கத்தில் நின்றவர்கள். பொய்யை அத்தனை பேருக்கு முன்னால் சொல்லிவிட்டு, உண்மையை மட்டும் கவரில் ஒட்டி உனக்குத் தனியாக அனுப்பினால் அது என்ன நியாயம்? நாளைக்குக் காலையில் தனகோட்டி வீட்டுக்குப் போகிறேன். என்ன சொல்லப் போகிறேன் என்று இன்னும் தெரியவில்லை.

இதுவரைக்கும் எழுதிவிட்டு, மத்தியானம் உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளிடம் முதலில் சொல்ல வேண்டும் அல்லவா. அவள் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே கேட்டாள். ஒரு இடத்திலும் கை நிற்கவில்லை. முடிந்ததும், "எனக்குத் தெரியுமே" என்றாள். "நான் பின்னாலதான உக்காந்துனு இருந்தேன்? பிரேக்கு புடிக்கலன்னு அவன் கத்துனது ஒங்க காதுல மட்டுமா வுழுந்துது?" ஏன் இத்தனை வருஷம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன்" என்றாள். பதினாறு வருஷம் பார்த்திருக்கிறாள். கடிதத்தை மடிக்கப் போனேன். அவளே மறுபடி சொன்னாள்.

"எழுதறதுதான் எழுதறீங்க, இத்தையும் எழுதுங்க. சர்வீசு வுட்டாலும் சரி, வுடாட்டாலும் சரி, கடலூருக்குப் போறப்ப புள்ளத்தாச்சிப் பொண்ணு பக்கத்துல நானும் ஏறி உக்காருவேன்னு சொல்லுங்க. அவன் வண்டிய அவனேதான் ஓட்டுறான். எங்களுக்கு இன்னா ஆனாலும் பழி போட அவனுக்கு ஒரு தனகோட்டி கெடையாதுன்னு சொல்லுங்க."

சொல்லிவிட்டேன்.

அப்பா